இணைய வழிப்படுத்தல்: வடிவமைப்பு இலக்குகளின் வரலாறு

இணையம் எவ்வளவு பெருகினாலும், தரவுப் பொதிகளை உரிய திசையில் அனுப்பும் றவுட்டர்கள் சுமை தாங்கும்படி வழிப்படுத்தற் கட்டமைப்பு எவற்றை நிறைவேற்ற வேண்டும் என வரையறுப்பவை வடிவமைப்பு இலக்குகள் ஆகும்.

இலண்டனில் இடப்பட்ட கடிதம் வாகரைக்கு வந்துசேர, அங்குள்ள தபாலகத்தார் இலங்கையையும் கொழும்பில் பிரிப்போர் மட்டக்களப்பையும் அறிந்தால் போதும். வீட்டை அறிய வேண்டியவர் வாகரைத் தபாற்காரர் மட்டுமே. 1993இல் வகுக்கப்பட்ட வகுப்பற்ற முகவரி முறை இத்தகைய தொகுப்பை இணையத்துக்குக் கொண்டுவந்தது. அடுத்தடுத்துள்ள 256 சிறு முகவரித் தொகுதிகளை, றவுட்டர்கள் வழிகளைக் குறித்துவைக்கும் வழிப்பட்டியலில் ஒரே வரியாக அறிவிக்க அது வழிசெய்தது. எனினும், ஒரு நிறுவனம் இரு சேவை வழங்குநரிடம் இணைப்புப் பெறும்போதும் (இது பன்னிணைப்பு எனப்படும்), வழங்குநரை மாற்றிய பின்னும் பழைய முகவரியையே பேணும்போதும், அதன் தொகுதி உலக வழிப்பட்டியலில் தனி வரியாகிவிடுகிறது. இதன் நன்மை அந்நிறுவனத்தைச் சேர, நினைவகச் செலவை உலகெங்குமுள்ள வழங்குநர்கள் சுமக்கின்றனர்.

பட்டியல் ஏறத்தாழ 200,000 வரிகளை எட்டியிருந்த 2006 ஒக்டோபரில், இணையக் கட்டமைப்பு வாரியம் அம்ஸ்ரர்டாமில் நடத்திய பட்டறை இவ்வளர்ச்சியை முதன்மைச் சிக்கலாக அடையாளம் கண்டது. அதன்பின் வழிப்படுத்தல் ஆய்வுக் குழு, முன்மொழிவுகளை ஒப்பிடுவதற்கென இலக்குகளை 'கட்டாயம்', 'மிகவும் விரும்பத்தக்கது', 'விரும்பத்தக்கது' எனத் தரப்படுத்தியது. ரோனி லீ தொகுத்து 2011 மே மாதம் இணையத் தொழில்நுட்ப ஆவணத் தொடரில் ஆர்.எவ்.சி. 6227 ஆக வெளியான அவ்வாவணத்தில், விரிவாக்கத் திறனில் கணிசமான முன்னேற்றமும் நடைமுறைப்படுத்தக்கூடிய தன்மையும் கட்டாயமாக்கப்பட்டன; பட்டியல் பயனர் தொகையின் பெருக்கத்தைச் சாராது வளர்வதும், பன்னிணைப்புக்கு இடமளிப்பதும், முகவரி மாற்றத்தை எளிதாக்குவதும் இரண்டாம் தரத்தில் இடம்பெற்றன.

இலக்குகள் தெளிவாயினும் தீர்வில் உடன்பாடு பிறக்கவில்லை. அதே ஆண்டு பெப்ரவரியில் வெளியான பரிந்துரை ஆவணம் அதை வெளிப்படையாகக் கூறி, குழுத் தலைவர்களான லீ, லிக்ஸியா ஷாங் ஆகியோரின் பரிந்துரைகளை முன்வைத்தது. 2014 ஓகஸ்ட் 12 அன்று பட்டியல் 512 ஆயிரம் வரி எல்லையைத் தாண்டியபோது, அவ்வளவுக்கே நினைவகம் ஒதுக்கியிருந்த பழைய றவுட்டர்கள் சில தடுமாறின. நினைவகத்தைப் பெருக்கி நிலைமை சமாளிக்கப்பட்டதே தவிர, வரியைச் சேர்ப்பவரே அதன் செலவையும் ஏற்கும் ஏற்பாடு உருவாகவில்லை.