தோற்கத் துணியும் வாதம்: இந்திய வேளாண் உற்பத்தி முறை விவாதமும் மார்க்சிய உரையாடலின் நேர்மையும்

1. சிக்கல்

மார்க்சியம் பற்றிய வாதங்கள் பெரும்பாலும் இரண்டு தடங்களில் ஓடித் தேய்ந்துபோகின்றன. எதிர்ப்பவர் சோவியத் ஒன்றியத்தின் கட்டாய உழைப்பு முகாம்களைக் காட்டி, மார்க்ஸ் எழுதிய அனைத்துக்கும் அங்கேயே தீர்ப்பு வழங்கப்பட்டுவிட்டது என்பார். ஆதரிப்பவர் எதிர்ப்பவரின் வர்க்கப் பின்னணியைக் காட்டி, அவரால் வேறு எப்படிப் பேச முடியும் என்பார். முன்னவருக்கு ஒரு கோட்பாட்டின் பெயரால் நடந்த வரலாறு போதும். கோட்பாட்டைப் படிக்க வேண்டியதில்லை. பின்னவருக்குப் பேசியவரின் சமூக இடம் போதும். பேச்சைக் கேட்க வேண்டியதில்லை. எந்தச் சான்று கிடைத்தால் தம் நிலையை மாற்றிக்கொள்வோம் என்று இருவரும் சொல்வதில்லை.

இந்த நிலைக்கு மருந்தாகப் பணிவையும் நடுநிலையையும் பரிந்துரைப்பது வழக்கம். அவை நல்ல பண்புகள்தாம். ஆனால் மிகப் பணிவாகப் பேசிக்கொண்டே எதிராளியின் வாதத்தைத் திரித்துவிட முடியும். நடுநிலை என்ற பெயரில் எதையும் உறுதியாகச் சொல்லாமல் நழுவவும் முடியும். அரசியல் வாதத்தில் நேர்மையை வேறோர் இடத்தில் தேட வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து. தன் கூற்றைத் தோற்கக்கூடிய வடிவில் முன்வைப்பவரே நேர்மையாக வாதிடுபவர். அவர் கட்சி சார்ந்தவரா, கடுமையாகப் பேசுபவரா என்பவை அடுத்த கேள்விகள். இதற்குச் சான்றாக, 1969 முதல் ஏறத்தாழப் பதின்மூன்று ஆண்டுகள் நடந்த இந்திய வேளாண்மையின் உற்பத்தி முறை பற்றிய விவாதத்தை எடுத்துக்கொள்கிறேன்.

2. பணயம்

அறிவியல் மெய்யியலாளர் கார்ல் பாப்பர் மார்க்சியத்தின் மீது வைத்த குற்றச்சாட்டு பலரும் அறிந்தது. மார்க்சின் கோட்பாடு தொடக்கத்தில் சோதிக்கத்தக்கதாகவே இருந்தது என்பதை அவர் ஒப்புக்கொண்டார். அதன் கணிப்புகள் பொய்த்தபோது, பின்வந்தவர்கள் கோட்பாட்டையும் சான்றையும் மறுவிளக்கம் செய்து இணக்கம் காட்டினர்; அதனால் அது எந்தச் சான்றாலும் அசைக்க முடியாததாகி, அறிவியல் தகுதியை இழந்தது என்பது அவர் வாதம். இதற்கு விடை சொல்ல விரும்பும் மார்க்சியர் பாப்பரின் தாராளவாதத்தைத் தாக்கிப் பயனில்லை. மார்க்சியர்கள் தம் கூற்றுகளைச் சான்றின்முன் நிறுத்திய நிகழ்வுகளைக் காட்ட வேண்டும். உற்பத்தி முறை விவாதம் அத்தகைய ஒன்று. குறைகள் பல உடையது. அக்குறைகளுக்கும் சான்றாதார மதிப்பு உண்டு.

கேள்வி எளிமையானது. இந்திய வேளாண்மை முதலாளித்துவமாகிவிட்டதா, அல்லது இன்னும் அரை நிலப்பிரபுத்துவமா? விடையின் பின்னால் பெரிய பணயம் இருந்தது. கம்யூனிஸ்ட் கட்சி 1964இல் பிளவுபட்டது. நக்சல்பாரி எழுச்சிக்குப் பின், 1969இல் மார்க்சிய-லெனினியக் கட்சி உருவாகி, இந்தியா அரைக் காலனிய, அரை நிலப்பிரபுத்துவ நாடு என்று அறிவித்தது. யார் நண்பர், யார் எதிரி, குத்தகை விவசாயிக்கு நிலம் கேட்பதா, கூலி உழைப்பாளிக்கு ஊதியம் கேட்பதா, தேர்தலா, ஆயுதமா என்பவை எல்லாம் அந்த ஒரு விடையோடு பிணைந்திருந்தன. பசுமைப் புரட்சியின் புதிய விதைகளும் டிராக்டர்களும் வயலுக்கு வந்துகொண்டிருந்த காலம் அது. கேள்வியைக் கட்சிக் குழுக்களின் அறைகளுக்குள்ளேயே முடித்திருக்கலாம். அது பம்பாயிலிருந்து வெளிவந்த எக்கனாமிக் அண்ட் பொலிட்டிக்கல் வீக்லி இதழின் பக்கங்களுக்கு வந்து, புள்ளிவிவரங்களோடு பேசப்பட்டதே முதல் சிறப்பு.

3. அளவுகோலை வெளிப்படையாகச் சொல்வது

பொருளியலாளர் அசோக் ருத்ராவும் உடன் ஆய்வாளர்களான மஜித், தாலிப் ஆகியோரும் பஞ்சாபில் 20 ஏக்கருக்கு மேற்பட்ட 261 பண்ணைகளை ஆய்ந்து 1969இல் முடிவுகளை வெளியிட்டனர். முதலாளித்துவ விவசாயி என்று ஒருவரைச் சொல்ல வேண்டுமானால் அவரிடம் என்னென்ன இயல்புகள் சேர்ந்திருக்க வேண்டும் என்பதை ருத்ரா வகுத்துக்கொண்டார். நிலத்தைக் குத்தகைக்கு விடாமல் தாமே பயிரிடுதல், குடும்ப உழைப்பைவிடக் கூலி உழைப்பை மிகுதியாக நம்புதல், இயந்திரங்களைப் பயன்படுத்துதல், விளைச்சலில் கணிசமான பகுதியைச் சந்தைக்கு அனுப்புதல், முதலீட்டுக்கு நல்ல ஆதாயம் கிடைக்கும்படி உற்பத்தியை அமைத்தல் என்பவை அவை. இவ்வியல்புகள் ஒன்றோடொன்று சேர்ந்து காணப்பட்டால் அப்படியொரு வர்க்கம் இருக்கிறது, சேராவிட்டால் இல்லை. கணக்கிட்டுப் பார்த்தபோது அவற்றுக்கிடையிலான தொடர்பு பெரும்பாலும் மிகக் குறைவாகவே இருந்தது. பசுமைப் புரட்சியின் தாயகத்திலேயே அத்தகைய வர்க்கத்தைக் காணவில்லை என்று அவர் முடித்தார்.

முடிவு சரியா தவறா என்பது இருக்கட்டும். அளவுகோலை வெளிப்படையாக எழுதிவைத்ததால், அவரை மறுப்பவர் எங்கே கைவைக்க வேண்டும் என்பது தெளிவாக இருந்தது. 1971இல் உத்சா பட்நாயக் அதைத்தான் செய்தார். ஐந்து மாநிலங்களில் 66 பெரும் விவசாயிகளிடம் தாம் திரட்டிய தரவோடு அவர் வந்தார். அம்மாநிலங்களுள் தமிழகமும் ஒன்று. உருவாகிக்கொண்டிருக்கும் ஒரு வர்க்கத்தை முழுமையடைந்த வடிவத்தில் தேடினால் அது கிடைக்காது என்பது அவருடைய முதல் மறுப்பு. இரண்டாவது மறுப்பு இன்னும் ஆழமானது. காலனியாட்சி உழவர்களை நிலமிழக்கச் செய்து, தொழில் வளராத நாட்டில் அவர்களை வயலிலேயே நிறுத்திவைத்தது. ஆகவே கூலி உழைப்பு இருப்பதும் சந்தைக்கு விற்பதும் மட்டும் முதலாளித்துவத்தைக் காட்டிவிடா. உபரி மீண்டும் உற்பத்தியில் முதலீடாகிப் பெருகுகிறதா என்று பார்க்க வேண்டும்.

பரேஷ் சட்டோபாத்யாய் 1972இல் இருவரையும் மறுத்தார். உழைப்புச் சக்தியே சரக்காகிவிட்ட பொதுமைப்பட்ட சரக்கு உற்பத்திதான் முதலாளித்துவம். அதற்குமேல் ஒரு நிபந்தனை சேர்ப்பது தேவையற்றது என்பது அவர் நிலை. பட்நாயக் பதிலளித்தார், சட்டோபாத்யாய் மீண்டும் பதிலளித்தார். நடை காரமானது. மார்க்சையும் லெனினையும் யார் சரியாகப் படித்தவர் என்ற சண்டையும் கூடவே நடந்தது. ஆனாலும் பட்நாயக் 1976இல் தம் கருத்தை ஒரு குறியீட்டெண்ணாக மாற்றினார். ஒரு குடும்பம் தன் சொந்த உழைப்போடு ஒப்பிடும்போது பிறர் உழைப்பை, கூலி வழியாகவோ குத்தகை வழியாகவோ, எவ்வளவு எடுத்துக்கொள்கிறது அல்லது பிறருக்கு எவ்வளவு கொடுக்கிறது என்பதை அது அளந்தது. வேறு ஆய்வாளர்கள் அதை எடுத்துத் தம் கிராமங்களில் சோதிக்க முடிந்தது. மேற்கோள் சண்டையிலிருந்து விவாதம் வெளியேறிய வழி இதுதான்: ஒரு கருத்தைப் பிறர் கையில் கொடுத்து, அவர்கள் அதை உடைத்துப் பார்க்க இடமளிப்பது.

4. எதிராளியின் தரையில் நின்று மறுப்பது

அமித் பாதுரி 1973இல் முன்வைத்த மாதிரி இவ்விவாதத்தின் மிகக் கூர்மையான பகுதி. மேற்கு வங்கத்தில் 26 கிராமங்களைப் பார்த்த அவர், நிலவுடைமையும் கந்துவட்டியும் ஒரே கையில் இருப்பதைக் கவனித்தார். வாரத்துக்குப் பயிரிடுபவர் அறுவடைக்கு முன் சாப்பாட்டுக்கே நிலவுடைமையாளரிடம் கடன் வாங்குகிறார், அறுவடையில் அது வட்டியோடு கழிகிறது, மீண்டும் கடன். புதிய விதையால் விளைச்சல் கூடினால் பயிரிடுபவரின் பங்கும் கூடும். அவர் கடன் வாங்குவது குறையும். வட்டி வருமானம் விழும். ஆகவே புதுமையைத் தடுப்பதே நிலவுடைமையாளருக்கு ஆதாயம். தொழில்நுட்பத் தேக்கத்தை அறியாமையாலோ சோம்பலாலோ விளக்காமல், உற்பத்தி உறவாலேயே விளக்கும் வாதம் இது.

இதை மறுத்தவர்களில் டேவிட் நியூபெரியும் டி. என். சீனிவாசனும் மார்க்சியர்கள் அல்லர். அவர்கள் பாதுரியின் அரசியலைத் தொடவில்லை. அவருடைய எடுகோள்களை அப்படியே ஏற்றுக்கொண்டு உள்ளிருந்தே கேள்வி எழுப்பினர். நிலவுடைமையாளர் அவ்வளவு வலிமையானவர் என்றால், விளைச்சல் கூடும்போது வாரத்தின் விகிதத்தை மாற்றிக் கூடுதல் ஆதாயம் முழுவதையும் தாமே ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது? புதுமையைத் தடுக்கும் வலிமை உள்ளவருக்கு அதன் பயனைப் பறிக்கும் வலிமை மட்டும் ஏன் இல்லாமல் போகிறது? தமிழ் இலக்கண மரபுக்கு இம்முறை புதிதன்று. நன்னூல் வகுக்கும் எழுவகை மதங்களுள் ஒன்று, பிறர் கொள்கையை முதலில் மேற்கொண்டு பின் களைவது. சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் பரபக்கமும் பிற சமயக் கொள்கைகளை எடுத்துரைத்த பின்பே மறுப்புக்குச் செல்கிறது. எதிராளியின் கொள்கையை அவரே ஒப்பும்படி கூறாதவனுக்கு அதை மறுக்கும் உரிமை இல்லை என்பது இம்முறையின் உட்கிடை.

மற்றொரு சோதனை இடதுசாரி அணிக்குள்ளிருந்தே வந்தது. ருத்ராவும் பிரணாப் பர்தனும் 1975-76இல் கிழக்கிந்தியக் கிராமங்களில் நிலம், உழைப்பு, கடன் ஆகியவற்றின் பிணைப்பை ஆய்ந்தனர். விதை, உரச் செலவில் பங்கேற்கும் நிலவுடைமையாளர்களும், சாகுபடி முடிவுகளில் தலையிடுபவர்களும், வட்டியில்லாக் கடன் கொடுப்பவர்களும் அங்கே அரிதாக இல்லை. உற்பத்தி பெருகுவதில் அவர்களுக்கு அக்கறை இருந்தது. பாதுரியின் மாதிரி ஒரு பொதுவிதியாக நிற்க முடியாது என்பது தெரிந்தது. ஒரு மார்க்சியரின் அழகான வாதத்தை, அரசியலில் அவருக்கு நெருக்கமானவர்களே களத்துக்குக் கொண்டுபோய்த் தேய்த்துப் பார்த்தனர். பாதுரியும் அதன்பின் கட்டாய வணிகம் (கடன் நெருக்கத்தால் வேறு வழியின்றிச் சந்தையில் ஈடுபடுதல்) போன்ற கருத்துகளின் வழியே பின்தங்கிய வேளாண்மையை விரிவாக ஆராய்ந்தார். பாப்பரின் குற்றச்சாட்டு எல்லா மார்க்சியத்துக்கும் பொருந்தாது என்பதற்கு இதைவிட நேரடியான விடை தேவையில்லை.

5. வரையறைக்குள் ஒளிவது

விவாதம் தளர்ந்த இடங்களும் உண்டு. ஆந்த்ரே குந்தர் ஃபிராங்க் உலகச் சந்தையோடு கொண்ட பிணைப்பையே முதன்மையான அளவுகோலாகக் கொண்டார். அதன்படி காலனியாட்சிக்கு உட்பட்ட எல்லா வேளாண்மையும் முதலாளித்துவமாகிவிடும். எந்தக் கிராமத்துக்குப் போனாலும் விடை மாறாது. ஹம்சா அலவி 1975இல் காலனிய உற்பத்தி முறை என்ற தனி வகையை முன்வைத்தார். உபரி காலனி நாட்டில் முதலீடாகாமல் ஆதிக்க நாட்டுக்குப் போய்ச் சேர்வதை அது நன்றாகவே விளக்கியது. ஆனால் ஒரு தஞ்சாவூர் மிராசுதாரையும் ஒரு பஞ்சாப் டிராக்டர் உடைமையாளரையும் வேறுபடுத்திக் காட்ட அதில் கருவி இல்லை. எதையும் விலக்காத வரையறை எதையும் சொல்வதில்லை.

ஜைரஸ் பானாஜி 1972இல் காலனிய உற்பத்தி முறைகளுக்கான கோட்பாட்டை வேண்டி எழுதியவர். பின்னர் அந்நிலையைக் கைவிட்டு, 1977இல் பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தக்காணத்துச் சிறு விவசாயிகளை ஆராய்ந்தார். மூலதனம் பழைய உற்பத்தி வடிவத்தை மாற்றாமலேயே கடன் வழியாக உழைப்பைத் தனக்கு உட்படுத்த முடியும் என்று காட்டினார். தாம் முன்னின்று எழுப்பிய கருத்தைத் தாமே விட்டு நகர்ந்ததால் அவருடைய மதிப்பு குறையவில்லை. கட்சி அரங்கில் இத்தகைய நகர்வுக்குத் திருத்தல்வாதம் என்றோ ஓடுகாலித்தனம் என்றோ பெயர் கிடைத்திருக்கும். ஆய்விதழ் அரங்கில் அது வளர்ச்சியாக எண்ணப்பட்டது. வாதிடுபவரின் மனநிலையை மட்டும் பொறுத்ததன்று நேர்மை என்பதை இது காட்டுகிறது. நிலை மாறுபவரைத் தண்டிக்கும் இடத்தில் எவரும் நிலை மாறமாட்டார்.

6. கேட்கப்படாத கேள்வி

இவ்விவாதத்தின் பெருங்குறையைத் தமிழகத்திலிருந்து பார்த்தால் தெளிவாகத் தெரியும். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 தலித்துகள் எரித்துக் கொல்லப்பட்டனர். பின்னணியில் இருந்தது கூலி உயர்வுப் போராட்டம். சங்கம் இருந்தது, கூலிப் பேரம் இருந்தது, உடைமையாளர்களின் நெல் உற்பத்தியாளர் சங்கம் இருந்தது. சட்டோபாத்யாயின் அளவுகோலில் இது முதலாளித்துவ முரண்பாடு. ஆனால் கொளுத்தப்பட்டது சேரிக் குடிசை. பண்ணையாள் முறையின் நினைவு அழியாத ஊரில், கூலி கேட்டவர் யார் என்பதும் கேட்ட கூலியின் அளவைப் போலவே ஆத்திரத்தை மூட்டியது. பெரிய பண்ணைகளில் இயந்திரங்களை எண்ணிய விவாதத்தில், சாதிக்கென ஒரு பத்தி ஒதுக்கி அளக்கும் முயற்சி மையத்துக்கு வரவே இல்லை.

பின்வந்த கிராம ஆய்வுகள் இந்த இடைவெளியில்தான் நுழைந்தன. கம்பம் பள்ளத்தாக்கின் கோகிலாபுரத்தை ஆராய்ந்து வி. கே. ராமச்சந்திரன் 1990இல் வெளியிட்ட நூல், பாசனமும் சந்தையும் நன்கு வளர்ந்த ஒரு பகுதியில் கூலி உழைப்பும் சுதந்திரமின்மையும் ஒன்றாக வாழ்வதைக் காட்டியது. ஒன்று வந்தால் மற்றது போய்விடும் என்ற எதிர்பார்ப்பு, அதாவது முதலாளித்துவமா அரை நிலப்பிரபுத்துவமா என்ற கேள்வியின் அடியில் இருந்த எடுகோள், களத்தில் தளர்ந்தது. விவாதத்தை ஆலிஸ் தோர்னர் 1982இல் தொகுத்து மதிப்பிட்டபோது ஒருமித்த தீர்ப்பு உருவாகியிருக்கவில்லை. ஆனால் உபரி எந்தப் பிணைப்புகளின் வழியே எடுக்கப்படுகிறது என்ற துல்லியமான கேள்விக்கு விவாதம் வழிவிட்டிருந்தது.

7. மறுப்பும் முடிவும்

இவ்வாதத்துக்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. ஒரே பயிற்சி பெற்ற, ஒரே இதழில் எழுதிய சில அறிஞர்களின் நடத்தையைக் கொண்டு அரசியல் வாதத்துக்கு இலக்கணம் வகுக்கலாமா? மேலும், சுரண்டல் அநீதி என்ற நம்பிக்கையை எந்தப் புள்ளிவிவரம் தோற்கடிக்கும்?

இரண்டாவது கேள்வியில் உண்மை இருக்கிறது. ஆகவே கூற்றுகளைப் பிரித்துப் பார்க்க வேண்டும். சுரண்டல் தவறு என்பது அறக்கூற்று. அதை அறத்தின் தளத்தில்தான் எதிர்கொள்ள வேண்டும். இன்ன பகுதியில் இன்ன உறவால் விளைச்சல் தேங்குகிறது என்பது விளக்கக் கூற்று. அது களத்தில் தோற்கலாம். இன்ன வர்க்கம் இன்ன அணியில் சேரும் என்பது உத்திக் கூற்று. நடப்பு அதைத் தீர்க்கும். அறத்தின் உறுதியை விளக்கத்துக்கும் உத்திக்கும் கடன் கொடுப்பது மார்க்சியர் வழக்கமாகச் செய்யும் தவறு. உத்தி தோற்றதைக் காட்டி அறக்கேள்வியும் தீர்ந்தது என்பது எதிர்ப்பவர் வழக்கமாகச் செய்யும் தவறு. ஸ்டாலினின் கூட்டுப் பண்ணைகள் பேரழிவில் முடிந்ததை ஒப்புக்கொள்ள ஒரு மார்க்சியருக்குத் தயக்கம் வேண்டியதில்லை. அந்தப் பேரழிவு கீழ்வெண்மணியின் கூலி உழைப்பாளியின் கேள்விக்கு விடையாகாது என்பதை ஒப்புக்கொள்ள எதிர்ப்பவருக்கும் தயக்கம் வேண்டியதில்லை.

முதல் கேள்விக்கும் இங்கேயே விடை இருக்கிறது. இந்த அறிஞர்கள் தவறினால் இழப்பது ஒரு கட்டுரையின் மதிப்பை. தவறான வர்க்கப் பகுப்பாய்வை நம்பி ஆயுதம் ஏந்திய இளைஞர்கள் உயிரை இழந்தார்கள். தவறான அணியை நம்பிய உழைப்பாளர் சங்கங்கள் ஆண்டுகளை இழந்தன. ஆகவே தோற்கக்கூடிய வடிவில் பேச வேண்டிய கடமை கட்சிக்காரருக்கு அறிஞரைவிடக் கூடுதலே தவிரக் குறைவில்லை. எங்கள் நிலை தவறென்றால் அது எதில் தெரியவரும் என்ற கேள்விக்கு எழுத்தில் விடை தராத கட்சித் திட்டம், தன் தவறுகளின் விலையை அவற்றை முடிவு செய்யாதவர்களின் கணக்கில் எழுதிவிடுகிறது.