7 செகண்டுக்குள் ஷாட்... ஏழடி பிளேயருக்கு பெஞ்ச்! என்.பி.ஏ-வை மாத்திய 'குட்டி டீம்' கதை

அதிகாலையில் அலாரம் வெச்சு என்.பி.ஏ மேட்ச் பார்க்கிற ஆளா நீங்க? இல்லை, ரீல்ஸ்ல ஹைலைட்ஸ் மட்டுமா? எதுவா இருந்தாலும் இந்தக் காட்சியை நிச்சயம் பார்த்திருப்பீங்க. எதிரணியோட ஷாட் மிஸ் ஆகுது. ரீபவுண்டு எடுத்த அடுத்த நொடியே மொத்த டீமும் எதிர்ப்பக்கம் பறக்குது. டிஃபன்ஸ் திரும்பி நிக்கிறதுக்குள்ள பந்து கூடைக்குள்ள! இதுதான் ஃபாஸ்ட் பிரேக்.

வேகமா ஓடுற ஆள் இருந்தா போதுமேன்னு தோணும். அது பாதி உண்மைதான். அந்த நேரத்துல கோர்ட்ல எந்த அஞ்சு பேர் நிக்கிறாங்கங்கிறதுதான் மீதியை முடிவு பண்ணுது. இதுக்கு ஃபீனிக்ஸ் சன்ஸ் டீமோட கதையைவிட நல்ல உதாரணம் கிடையாது.

2003-04 சீசனில் சன்ஸ் ஆடிய 82 மேட்ச்சில் ஜெயிச்சது வெறும் 29. அடுத்த சீசனில் 62! என்ன மாறுச்சு? டல்லாஸ்ல இருந்து 30 வயசு பாயின்ட் கார்டு ஸ்டீவ் நாஷ் வந்தார். கோச் மைக் டி'ஆன்டோனி லைன்-அப்பையே புரட்டிப்போட்டார். அப்போ பெரும்பாலான டீம்கள் கூடைக்குப் பக்கத்துல ரெண்டு பெரிய ஆட்களை நிறுத்தும். இவரோ 6 அடி 10 அங்குல அமரே ஸ்டௌடமயரை சென்டராக்கி, 6 அடி 7 அங்குல ஷான் மேரியனை பவர் ஃபார்வர்டுக்குத் தள்ளினார். ரெண்டு பேருமே தங்களைவிடப் பெரிய ஆட்களை தினமும் மல்லுக்கட்டணும். மேரியனுக்கு இது பெரிய தியாகம். அவருக்குக் கிடைக்க வேண்டிய பேர் கிடைக்கலைங்கிறது என் எண்ணம்.

ஷாட் கிளாக் தர்ற நேரம் 24 செகண்டு. சன்ஸ் குறிவெச்சது முதல் 7 செகண்டை. இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. பின்னால ஓடுற டிஃபண்டர், கூடையைக் காப்பாத்தத்தான் முதல்ல ஓடுவார். அதனால சன்ஸ் விங் பிளேயர்கள் கூடையை நோக்கி ஓடாம, ரெண்டு மூலைக்கும் ஓடுவாங்க. மூலையில் த்ரீ பாயின்ட் கோடு 22 அடிதான். நடுவுல 23 அடி 9 அங்குலம். ஆள் இல்லாத இடத்துல கிட்டத்துல இருந்து ஒரு த்ரீ பாயின்டர்... வேறென்ன வேணும்? மூலையை மூட யாராவது நகர்ந்தா, நடுவுல ஸ்டௌடமயர் டங்க் பண்ணிட்டுப் போவார். சராசரியா மேட்ச்சுக்கு 110 பாயின்ட். லீக்லயே அதிகம். நாஷுக்கு எம்.வி.பி விருது, அதுவும் அடுத்தடுத்து ரெண்டு வருஷம்.

அப்புறம் ஏன் கப் வரலை?

பந்து கைக்கு வந்தாதான் ஓட முடியும். உயரம் குறைஞ்சா ரீபவுண்டு குறையும், எதிரணிக்கு ரெண்டாவது வாய்ப்பு கிடைக்கும். 2005 வெஸ்ட் ஃபைனல்ஸ்ல சான் ஆன்டோனியோ ஸ்பர்ஸுக்கு எதிரா ஸ்டௌடமயர் சராசரி 37 பாயின்ட். ஆனா தொடர் 4-1னு ஸ்பர்ஸ் பக்கம் போச்சு. முதல் மேட்ச்சில் சன்ஸ் சொந்த ஊர்லயே 114 எடுத்தும் தோல்வி, ஸ்பர்ஸ் எடுத்தது 121. காயம்பட்ட ஜோ ஜான்சன் முதல் ரெண்டு மேட்ச்சில் இல்லைங்கிறதையும் சொல்லணும். டி'ஆன்டோனி பெரும்பாலும் ஏழெட்டு பேரை மட்டுமே நம்புவார். ஒருத்தர் விழுந்தா ஓட்டை பெருசாத் தெரியும்.

2008 பிப்ரவரியில் சன்ஸ் நிர்வாகம் பொறுமை இழந்துச்சு. மேரியனைக் கொடுத்து, 7 அடி 1 அங்குல ஷாக்கீல் ஓ'நீலை வாங்கினாங்க. அவருக்கு அப்போ 35 வயசு. ஓடுறதுக்காகவே கட்டிய டீம்ல ஓட முடியாத ஒரு மலை! அந்த பிளே-ஆஃப் முதல் சுற்றுலயே ஸ்பர்ஸ்கிட்ட மறுபடியும் 4-1. டி'ஆன்டோனி நியூயார்க் கிளம்பிட்டார். இந்த டிரேடு நடந்தப்போ சன்ஸ் ஜெனரல் மேனேஜர் யார் தெரியுமா? ஸ்டீவ் கெர்.

அதே கெர், 2015 ஃபைனல்ஸ்ல கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் கோச். க்ளீவ்லேண்டுக்கு எதிரா 1-2னு பின்தங்கியிருந்தார். அப்போ அவரோட 28 வயசு உதவியாளர் நிக் யூரன், முந்தைய வருஷ ஃபைனல்ஸ் வீடியோவைப் பார்த்துட்டு ஒரு யோசனை சொன்னார். அந்த ஃபைனல்ஸ்ல ஸ்பர்ஸ், பெரிய ஆளை உட்கார வெச்சுட்டு போரிஸ் டியாவை இறக்கியிருந்துச்சு. டியா யாருன்னா, ஸ்டௌடமயர் காயத்துல இருந்த 2005-06 சீசனில் சன்ஸுக்கு சென்டரா ஆடினவர். சுத்திச் சுத்தி எங்க வந்து நிக்குது பாருங்க!

நாலாவது மேட்ச்சில் ஏழடி ஆண்ட்ரூ போகட் பெஞ்சுக்குப் போனார். அந்த சீசனில் ஒரு மேட்ச்லகூட ஸ்டார்ட் பண்ணாத ஆண்ட்ரே இக்வடாலா உள்ளே வந்தார். ட்ரேமண்ட் க்ரீன்தான் சென்டர். ஆரம்பமே 0-7! க்ளீவ்லேண்டோட உயரமான டிமோஃபே மோஸ்காவ் அன்னிக்கு 28 பாயின்ட் எடுத்தார். ஆனா மேட்ச் 103-82னு வாரியர்ஸுக்கு. அதாவது, கூடைக்குக் கீழே விட்டுக்கொடுத்ததைவிட வேகத்துல எடுத்தது அதிகம். அடுத்த மேட்ச்சில் க்ளீவ்லேண்டே மோஸ்காவை வெறும் 9 நிமிஷம்தான் ஆடவிட்டுச்சு. வாரியர்ஸ் 40 வருஷத்துக்குப் பிறகு சாம்பியன், ஃபைனல்ஸ் எம்.வி.பி இக்வடாலா.

ஒரு வித்தியாசம் கவனிங்க. வாரியர்ஸ்கிட்ட சின்ன லைன்-அப்லயும் டிஃபன்ஸ் இருந்துச்சு. க்ரீன் 6 அடி 6 அங்குலம்தான், ஆனா சென்டரையும் மறிப்பார், கார்டையும் மறிப்பார், ரீபவுண்டு எடுத்து தானே பந்தைக் கொண்டும் போவார். சன்ஸ்ல அப்படி ஒருத்தர் சென்டரா அமையலை. நாஷ் ஒரு ஃபைனல்ஸ்கூட ஆடாமலே ரிட்டயர் ஆனார்.

அடுத்த மேட்ச் பார்க்கும்போது ஸ்கோரை விட்டுட்டு கடைசி அஞ்சு நிமிஷம் பெஞ்சைப் பாருங்க. அங்கே ஏழடி ஆள் டவலோட உட்கார்ந்திருந்தா, எதிரணி கோச் தன்னோட ஏழடி ஆளை என்ன பண்றார்னு கவனிங்க. மேட்ச் எந்தப் பக்கம் போகுதுன்னு அங்கேயே பிடிபட ஆரம்பிச்சிடும்.