பட்ஜெட் இல்லாத புத்தாண்டு

பெருவையும் பொலிவியாவையும் போரில் வென்று, நைட்ரேட் பாலைவனத்தைச் சிலி தன் வசமாக்கிக்கொண்டது. அந்த உப்பின் ஏற்றுமதி வரி அரசாங்கக் கஜானாவை நிரப்பியது. 1886-ல் அதிபரான ஹோசே மனுவேல் பால்மசேடா அந்தப் பணத்தை ரயில் பாதைகளிலும் பாலங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் கொட்டினார்.

ஆனால், கஜானாவைத் திறக்க நாடாளுமன்றத்தின் சம்மதம் வேண்டும். 1833-ஆம் ஆண்டு அரசியலமைப்புப்படி, அரசின் செலவுக்கும் படைகளின் அளவுக்கும் அது ஆண்டுதோறும் ஒப்புதல் தர வேண்டும். எங்கள் நம்பிக்கையைப் பெற்றவர்களே அமைச்சர்களாக இருக்க வேண்டும் என்றனர் உறுப்பினர்கள். அமைச்சர்களை நியமிப்பது என் உரிமை என்றார் அதிபர். தனக்கு வேண்டியவரையே அடுத்த அதிபராக்கப் பார்க்கிறார் என்ற சந்தேகமும் சேர்ந்துகொள்ள, பகை முற்றியது.

1890-ன் நடுவில் வரி வசூலுக்கான சட்டத்தை நாடாளுமன்றம் நிறுத்திவைத்தது. அதிபர் இறங்கிவந்தார், இரு தரப்பும் ஏற்ற அமைச்சரவை ஒன்று அமைந்தது. அக்டோபரில் அதுவும் விலகியது. அடுத்த ஆண்டு பட்ஜெட் நிறைவேறும் முன்பே அதிபர் கூட்டத்தொடரை முடித்துவைத்தார்.

1891 பிறந்தபோது நாட்டில் பட்ஜெட் இல்லை. படைகளுக்குச் சட்ட ஒப்புதலும் இல்லை. போன வருட பட்ஜெட்டே இந்த வருடமும் செல்லும் என்று ஜனவரி 5-ல் பால்மசேடா ஆணையிட்டார். இரண்டே நாளில் கடற்படை கிளர்ந்தெழுந்தது. தளபதி ஹோர்ஹே மொன்ட். மேலவைத் துணைத்தலைவரும் கீழவைத் தலைவரும் கப்பலில் ஏறியிருந்தனர். தரைப்படையோ பெரும்பாலும் அதிபர் பக்கமே நின்றது.

கப்பல்கள் வடக்கே போய் இகீகே துறைமுகத்தைப் பிடித்தன. நைட்ரேட் வருமானம் கைமாறியது; அந்தப் பணம் துப்பாக்கிகளாயிற்று. ஆகஸ்ட் 21-ல் கொன்கோனிலும் 28-ல் பிளாசியாவிலும் அதிபரின் படை நொறுங்கியது. அந்த உள்நாட்டுப் போரில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பால்மசேடா அர்ஜென்டினா தூதரகத்தில் தஞ்சம் புகுந்தார். செப்டம்பர் 18-ல் அவருடைய பதவிக்காலம் முடிந்தது. மறுநாள் காலை தன்னைத்தானே சுட்டுக்கொண்டு இறந்தார்.

இரு தரப்புமே அரசியலமைப்பைக் காக்கத்தான் போராடுவதாகச் சொல்லின. செலவுக்குப் பணம் மறுக்கும் உரிமை, ஆட்சியாளரைப் பேச்சுக்கு அழைத்துவருவதற்காக மக்கள் சபைக்குத் தரப்பட்டது. சபை அதை ஆட்சியையே முடக்கும் ஆயுதமாக்கியது. அதிபர் பதிலுக்குச் சபையையே ஒதுக்கித் தள்ளினார். சட்டம் இப்படி இரண்டாகப் பிளக்கும்போது, யார் ஆணைக்குக் கீழ்ப்படிவது என்ற முடிவு ஆயுதம் ஏந்தியவனிடம் போய்விடுகிறது. எந்தக் குடியரசும் அந்த முடிவை அவனிடம் விடக் கூடாது.

வென்ற நாடாளுமன்றமும் பாடம் கற்கவில்லை. அடுத்த 30 ஆண்டுகளுக்கு மேல் அமைச்சரவைகளைக் கவிழ்த்துக்கொண்டே இருந்தது. குறித்த காலத்துக்குள் பட்ஜெட்டை நிறைவேற்றாவிட்டால் அதிபர் முன்வைத்த வரைவே நடைமுறைக்கு வரும் என்ற விதி, 1925-ன் புதிய அரசியலமைப்பில்தான் எழுதப்பட்டது.