பெயர் தொலைத்த லைனுக்குத் தராசுதான் சாட்சி

தூண்டில் என்றால் நமக்கெல்லாம் ஒரு மூங்கில் கழி, தங்கூசி, தக்கை, மண்புழு. சமாச்சாரம் முடிந்தது. தூரமாக வீச வேண்டுமென்றால் முள்ளுக்குப் பக்கத்தில் ஒரு ஈயக்குண்டு. அந்தக் கனம்தான் தங்கூசியை இழுத்துக்கொண்டு போகும். வேலைக்காக சண்டிகர் வந்து, இமாச்சலப் பக்கம் ட்ரவுட் மீனுக்காக அலையும் நாலு பேரோடு பழகிய பிறகுதான் இதற்கு நேர் தலைகீழான வித்தை ஒன்று இருப்பது தெரிந்தது. ஃப்ளை ஃபிஷிங். முள்ளில் இறகையும் நூலையும் சுற்றிச் செய்த ஒரு பொய் ஈ. ஊதினால் பறந்துவிடும். அதைப் போய் எப்படி முப்பது அடி தள்ளி வீசுவது? லைனையே கனமாகச் செய்துவிட்டார்கள். வீசப்படுவது லைன், ஈ அதன் வாலைப் பிடித்துக்கொண்டு சும்மா போகிறது.

ஆகவே லைனின் எடைக்கும் கம்பின் வளைவுக்கும் பொருத்தம் பார்த்தே ஆக வேண்டும் (பத்துப் பொருத்தம் வேண்டாம், இந்த ஒன்று போதும்). லைன் இலேசாக இருந்தால் கம்பு வளைந்தே கொடுக்காது, ஈ காலடியிலேயே விழும். ரொம்பக் கனமாக இருந்தால் கம்பு துவண்டுவிடும். தாத்தா காலத்து மூங்கில் கம்பு என்றால் ஒடிந்தும் போகலாம்.

இவ்வளவு முக்கியமான எடை லைன் மேல் எழுதியிருக்குமா? பெரும்பாலும் இருக்காது. சமீப காலமாகச் சில கம்பெனிகள் லைனிலேயே பொடி எழுத்தில் அச்சடிக்கிறார்கள். அதற்கு முந்தையவற்றுக்கு அட்டைப்பெட்டியில் எழுதியிருப்பதுதான் அடையாளம். பெட்டி குப்பைக்குப் போனால் பெயரும் போச்சு.

இந்தப் பெயர் வைக்கிற கதைதான் எனக்குச் சுவாரசியமாகப் பட்டது. ஐசக் வால்டன் 1653-இல் புத்தகம் எழுதிய காலத்தில் இங்கிலாந்தில் லைன் என்பது குதிரைவால் முடியை முறுக்கிச் செய்தது. எத்தனை முடி என்பதே கணக்கு. பிறகு பட்டும் முடியும் கலந்து, அப்புறம் முழுப் பட்டு. பின்னிய பட்டில் ஆளிவிதை எண்ணெயை ஊற வைத்துக் காயவைத்தால் வழவழவென்று வரும். மிதக்க வேண்டுமானால் கொழுப்புத் தடவ வேண்டும். சாயந்திரம் ரீலிலிருந்து அவிழ்த்து உலர்த்த வேண்டும். கைக்குழந்தை வளர்க்கிற மாதிரி.

இந்தப் பட்டு லைன்களுக்கு எழுத்தால் பெயர் வைத்தார்கள். ஏ என்றால் விட்டம் 0.060 அங்குலம். பி 0.055, சி 0.050 என்று ஐந்தைந்தாகக் குறைந்து ஐ வந்தால் 0.020. லைன் நுனியில் மெலிந்து நடுவில் பருத்திருக்கும் அல்லவா, அதனால் மூன்று எழுத்து. ‘ஹெச்.டி.ஹெச்.’ என்றால் இரண்டு நுனியும் 0.025 அங்குலம், நடு உடம்பு 0.045. கம்பு செய்தவர்களும் தண்டின் மேல் மசியால் அதே மூன்று எழுத்தை எழுதி வைத்தார்கள். கம்பும் லைனும் ஒரே மொழி பேசின.

கவனியுங்கள், அந்த எழுத்து சொன்னது பருமனை. கம்புக்கு வேண்டியதோ எடை. ஆனாலும் பிரச்சினை வரவில்லை. எல்லாமே பட்டு என்பதால் பருமன் தெரிந்தால் எடை தெரிந்த மாதிரிதான்.

1938-இல் டூபாண்ட் கம்பெனி நைலானை அறிவித்தது. போருக்குப் பிறகு லைன்களும் நைலானுக்கு மாறின, அடுத்து டேக்ரான் வந்தது. நைலான் பட்டைவிட இலேசு. டேக்ரான் கனம். 1950-களில் மிச்சிகன் மாநிலத்தின் மிட்லண்ட் ஊரில் லியோன் மார்ட்டுச்சின் சயன்டிஃபிக் ஆங்லர்ஸ் கம்பெனி, பின்னிய நூலுக்கு மேல் பி.வி.சி. பூசி, அந்தப் பூச்சையே வேண்டிய இடத்தில் பருமனாக்கியும் மெலிதாக்கியும் லைன் செய்தது. மிதப்பது ஒரு ரகம், மூழ்குவது ஒரு ரகம். இப்போது கடையில் போய் ‘ஹெச்.டி.ஹெச்.’ கேட்டால் ஒரே பருமனில் மூன்று நான்கு வேறு வேறு எடைகள் கிடைக்கும். பெட்டியில் எழுதியிருந்தது பொய் இல்லை. அளவும் சரி. ஆனால் வாங்கினவனுக்கு வேண்டியதை அது சொல்லவில்லை. பழைய பெயர், புது சரக்கு. ஆபீஸில் பத்து வருஷமாக ஒரே படிவத்தை நிரப்புகிறவர்களுக்கு இந்த வியாதி புரியும்.

கலிஃபோர்னியாவில் வீச்சுப் போட்டிகளில் கலந்துகொண்ட மைரன் கிரிகரி போன்றவர்கள், எடையைச் சொல் என்று விடாமல் வாதாடினார்கள். 1961-இல் அமெரிக்க மீன்பிடிக் கருவித் தயாரிப்பாளர் சங்கம் (சுருக்கமாக ஆஃப்ட்மா) புது முறையை ஏற்றது. நுனியில் சமமாக ஓடும் சிறு பகுதியை விட்டுவிட்டு, முதல் 30 அடியை நிறுக்க வேண்டும். எவ்வளவு கிரெய்ன் என்று பார்த்து ஓர் எண். என்ன பொருளால் செய்தது என்ற பேச்சே இல்லை.

கிரெய்ன் என்பது தானிய மணி. நாம் குன்றிமணி வைத்தோம், அவர்கள் வாற்கோதுமை மணி வைத்தார்கள், அவ்வளவுதான். ஒரு கிரெய்ன் 0.0648 கிராம். 4-ஆம் எண் லைன் 120 கிரெய்ன், 5 என்றால் 140, 6 என்றால் 160, 7 என்றால் 185, 8 என்றால் 210. நகைக்கடைக் கணக்கில் சொன்னால் சுலபமாக மனதில் நிற்கும்: 4-ஆம் எண் 7.8 கிராம், கிட்டத்தட்ட ஒரு சவரன். 7-ஆம் எண் 12 கிராம், ஒரு தோலாவுக்குக் கொஞ்சம் கூட. 5-ஆம் எண்ணுக்கு 6 கிரெய்ன் முன்னே பின்னே இருக்கலாம் என்றும் விதியிலேயே சொல்லிவிட்டார்கள். அதாவது 8.7 முதல் 9.5 கிராம் வரை.

எங்கள் குடியிருப்பில் ஓய்வுபெற்ற ராணுவ அங்கிள் ஒருவர். அவருடைய அப்பா குலுப் பக்கம் மீன் பிடித்தவர். அவர் விட்டுப்போனது ஒரு மூங்கில் கம்பும் பெயரில்லாத மூன்று லைன்களும். பேரன் அதே கம்பை எடுத்துக்கொண்டு தீர்த்தன் நதிக்குப் போகத் துடிக்கிறான். கம்பு ஒடிந்தால் வேறு கம்பு வாங்கலாம், அப்பாவின் கம்பை வாங்க முடியாது என்பது அங்கிளின் கவலை. கம்பில் மங்கலாக ‘ஹெச்.டி.ஹெச்.’ தெரிந்தது. பட்டில் அந்த அளவு ஏறக்குறைய இன்றைய 5 அல்லது 6-ஆம் எண்.

லைன்களை சோப்புத் தண்ணீரில் துடைத்து, மாடியில் நீட்டி, 9.14 மீட்டர் அளந்து நூலால் அடையாளம் கட்டினோம். அதுவரை சுருட்டித் தராசுத் தட்டில் வைக்க வேண்டும். மிச்ச லைன் தட்டை இழுக்காமல் பக்கத்தில் தொய்வாகக் கிடக்க வேண்டும், இல்லாவிட்டால் எடை தப்பும். நகை நிறுக்கும் சின்ன எலக்ட்ரானிக் தராசு போதும். இரண்டு நுனியிலிருந்தும் நிறுப்பது அவசியம். வெளிர் நிற பிளாஸ்டிக் லைன் ஒரு பக்கம் 5 கிராமுக்குக் கொஞ்சம் மேல், மறுபக்கம் 12.0 கிராம்! முன்பாரம் கொண்ட 7-ஆம் எண்ணை யாரோ ரீலில் திருப்பிச் சுற்றியிருக்கிறார்கள். கரும்பச்சை லைன்தான் மூன்றில் மெலிசு. பேரன் அதைத்தான் இலேசானது என்று எடுத்து வைத்திருந்தான். நிறுத்தால் 10.3 கிராம், 6-ஆம் எண். வாளித் தண்ணீரில் போட்டதும் மூழ்கியது. மூழ்கும் ரகம் அடர்த்தி அதிகம், அதனால் மெலிசாகவே இருந்து கனக்கும்.

பழுப்புப் பட்டு லைன் இரண்டு பக்கமும் 9.2 கிராம். கம்பின் ஜோடி அதுதான். ஆனால் கையில் சுற்றி இழுத்துப் பார்த்தபோது நடுவில் பட்டென்று அறுந்தது. எண்ணெய் பிசுபிசுத்து, பட்டு இற்றுப்போயிருந்தது. அங்கிள் ஒன்றும் சொல்லாமல் அந்த 9.2-ஐ ஒரு சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டார்.

உங்கள் வீட்டுப் பரணிலும் இப்படி ஏதாவது இருக்கலாம். நீலகிரியில் அவலாஞ்சி ட்ரவுட் பொரிப்பகமே 1907-இல் வந்தது, ஊட்டிப் பக்கத்து வீடுகளில் பழைய ரீல்கள் கிடப்பதில் ஆச்சரியமில்லை. நிறுத்தபின் அழியாத மசிப் பேனாவால் நுனிக்குப் பக்கத்தில் கோடு போடுங்கள்: நீளக்கோடு 5, குட்டைக்கோடு 1. ஏழு என்றால் ஒரு நீளம், இரண்டு குட்டை. நான்கு என்றால் நான்கு குட்டை. ரீலில் ஒட்டும் சீட்டில் எண்ணோடு நிற்காமல் கிராமையும், மிதப்பதா மூழ்குவதா என்பதையும் எழுதுங்கள். இப்போது கடையில் விற்கும் லைன்களில் பல, பெட்டியில் போட்ட எண்ணைவிட அரை எண், ஒரு எண் கூடுதலாகவே நிறுக்கின்றன. புதுக் கம்புகள் விறைப்பு என்று காரணம் சொல்கிறார்கள். 1961-இல் போட்ட ஒப்பந்தமும் மெல்ல மெல்ல நழுவுகிறது.

பேரனுக்காக வாங்கிய 5-ஆம் எண் புது லைனையும் அதனால் தராசில் வைத்தோம். 9.1 கிராம். அங்கிள் தன் கையாலேயே ஒரு நீளக்கோடு போட்டார்.