காவினும் காணி உறுதியும்
கல்முனைக் கரையோர முஸ்லிம் திருமணங்களின் சட்ட வரலாறு பற்றிய ஒரு நோக்கு

திருமணம் ஒன்றே எனினும் அதனை நோக்குவோர் மூவர். ஊரார்க்கு அது விழா. சமயத்துக்கு அது ஒப்பந்தம். அரசுக்கு அது பதிவு. இம்மூன்றும் ஒருங்கே நிகழும்போது அவற்றிடையே உள்ள வேறுபாடு நம் கண்ணுக்குப் புலனாவதில்லை. பிணக்கு ஒன்று தோன்றும் வேளையிலேயே, விழாவில் நிகழ்ந்தது எது, ஒப்பந்தத்தில் கூறப்பட்டது எது, ஏட்டில் எழுதப்பட்டது எது என்னும் வினாக்கள் எழுகின்றன. மருதமுனை முதல் பொத்துவில் வரை நீளும் அம்பாறைக் கரையோர முஸ்லிம் ஊர்களில் இம்மூன்றும் எவ்வாறு ஒன்றோடொன்று பொருந்தின, எங்கே பொருந்தாது நின்றன என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வழக்காறு

1961ஆம் ஆண்டு அம்பாறை தனி மாவட்டமாகப் பிரிக்கப்படும் வரை இக்கரையோரம் மட்டக்களப்பு மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. ஆகவே மட்டக்களப்புத் தேசத்தின் சமூக அமைப்பே இங்கும் நிலவியதில் வியப்பில்லை. தாய்வழியாகத் தொடரும் ‘குடி’ முறை தமிழரிடையே போன்று முஸ்லிம்களிடையேயும் காணப்பட்டது. பள்ளிவாசல் நிருவாகத்தில் குடிகளின் சார்பில் மரைக்காயர்கள் இடம்பெற்றனர். அக்கரைப்பற்றில் நெடுங்காலம் ஆய்வு நிகழ்த்திய மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே, இவ்வமைப்பினை விரிவாக ஆராய்ந்து 2008ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டுள்ளார்.

இவ்வமைப்பின் அச்சாணி வீடு எனலாம். மகளுக்கு மணம் முடிக்கும் காலத்தில் வீடும் வளவும் சீதனமாக அளிக்கப்படும். மணமகன் பெண் வீட்டுக்கு வந்து வாழ்வான். பெற்றோர் இளைய மகளின் பொருட்டு வேறு வீடு கட்டிப் பெயர்வதும் உண்டு. இதனால் ஒரு தெருவிலேயே அக்கா, தங்கை, பெரியம்மா, சின்னம்மா என்று உறவுப் பெண்கள் அடுத்தடுத்து வாழும் நிலை உருவாயிற்று. தந்தையும் சகோதரரும் பல்லாண்டு உழைத்துச் சேர்த்த பொருள் பெண்ணின் பெயரில் எழுதப்படும் காணி உறுதியாக முடிவது இவ்வூர்களின் பொதுவழக்கு. இது பெற்றோர்க்குப் பெருஞ்சுமையாகவும் பெண்ணுக்குப் பெருங்காப்பாகவும் ஒருங்கே அமைந்தது என்பதை மறத்தலாகாது.

திருமணப் பதிவினைக் குறிக்கக் கிழக்கிலங்கை முஸ்லிம்கள் ‘காவின்’ என்னும் சொல்லை வழங்குகின்றனர். ‘காவின் எழுதுதல்’ என்பர். இது பாரசீக மொழியில் மஹரைக் குறிக்கும் சொல்லின் வழிவந்தது. வங்காளத்தில் திருமணப் பத்திரம் ‘காபின்நாமா’ எனப்படும். மலாய் மொழியில் ‘காவின்’ என்பது திருமணத்தையே சுட்டும். இந்துமாக்கடலின் கரைகள் தோறும் வணிகரோடு சென்ற இச்சொல், மணமகன் மணமகளுக்குத் தரவேண்டிய மஹரைக் குறிப்பதில் தொடங்கி, ஓரிடத்தில் பத்திரத்துக்கும் வேறோரிடத்தில் திருமணத்துக்கும் ஆகிவந்தமை கருதத்தக்கது. மஹர் பெண்ணின் உரிமை. அவ்வுரிமையை எழுதி வைப்பதே ஏட்டின் முதற்பயன் என்பதைச் சொல்லின் வரலாறே உணர்த்துகின்றது.

சட்டத்தின் வருகை

இலங்கை முஸ்லிம்களின் குடும்ப வழக்குகளுக்கு எழுத்து வடிவிலான விதிகள் ஒல்லாந்தர் காலத்திலேயே தோன்றின. பத்தாவியாவில் தொகுக்கப்பட்ட விதிகள் 1770ஆம் ஆண்டளவில் ஆளுநர் பல்க் காலத்தில் இங்குக் கொணரப்பட்டன. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டில், சேர் அலெக்சாண்டர் ஜோன்ஸ்டனின் முயற்சியால், வாரிசுரிமையும் திருமணமும் பற்றிய முஸ்லிம் சட்டக்கோவை ஒன்றினைக் கொழும்பு மாகாணத்துக்கென வெளியிட்டனர். 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் அதனைத் தீவு முழுமைக்கும் விரித்தது. இவ்வாறு, தலைநகர்ச் சோனகரின் வழக்கினைத் தழுவி எழுந்த கோவை, தாய்வழிக் குடிமுறை நிலவிய கிழக்குக் கரைக்கும் உரியதாயிற்று. இதே நூற்றாண்டில் மட்டக்களப்புத் தேசத்தின் முக்குவர் சட்டமும் 1876ஆம் ஆண்டின் பொதுச் சட்டத்தால் செல்வாக்கிழந்தது. கிறிஸ்தோபர் பிரிட்டோ அச்சட்டத்தினை நூலாக வெளியிட்டதும் அவ்வாண்டிலேயே.

எனினும் குடிமுறையும் சீதன வீடும் அழியவில்லை. இறந்த பின்னர்ப் பிரியும் சொத்துக்கே வாரிசுச் சட்டம் உரியது. உயிரோடிருக்கும் தந்தை மகளுக்கு உறுதி எழுதிக் கொடுப்பதை அது தடுக்கவில்லை. வழக்காறு சட்டத்தோடு மோதாது, சட்டம் விட்ட இடைவெளியினூடே வழி கண்டது.

திருமணப் பதிவுக்கென முதலில் எழுந்தது 1886ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கக் கட்டளைச் சட்டமாகும். அதனையடுத்து 1888ஆம் ஆண்டில் அஹமது பாவா இலங்கைச் சோனகரின் திருமண வழக்கங்கள் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரை வேத்தியல் ஆசியக் கழகத்தின் இலங்கைக் கிளைச் சஞ்சிகையில் வெளிவந்தது. அரசு ஏட்டைத் திறந்த காலத்திலேயே அறிஞர் ஒருவர் விழாவை எழுத்தில் பதிந்தமை குறிப்பிடத்தக்கது. பின்னர் 1929ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம் காதிகளை நியமிக்க வழிசெய்தது. அது நடைமுறைக்கு வந்தது 1937ஆம் ஆண்டிலாகும். அதனையும் நீக்கி எழுந்ததே 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம். இது 1954ஆம் ஆண்டு ஆகஸ்ட் முதலாந் திகதி நடைமுறைக்கு வந்தது.

1951ஆம் ஆண்டுச் சட்டத்தின் நிலைப்பாடு நுட்பமானது. நிக்காஹ் முடிந்தவுடன் திருமணம் பதியப்படல் வேண்டும் என்று அது பணித்தது. பதிவிக்கும் கடமையை மணமகன், மணமகளின் ‘வலி’ எனப்படும் பாதுகாவலர், நிக்காஹ்வை நடத்தியவர் ஆகியோர்மீது சுமத்தியது. ஆயின், பதியப்பட்டமையால் மட்டும் செல்லாத திருமணம் செல்லுபடியாகாது. பதியப்படாமையால் மட்டும் செல்லுபடியான திருமணம் செல்லாததாகாது என்றும் அதன் 16ஆம் பிரிவு கூறியது. அதாவது, திருமணத்தை ஆக்குவது ஒப்பந்தம். ஏடு அதற்குச் சான்று மட்டுமே.

இருவேறு சடங்குகள்

நாட்டின் ஏனையோர்க்குரிய 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தோடு இதனை ஒப்பிடின் வேறுபாடு தெளிவாகும். அங்கு முன்னறிவித்தல் கொடுத்தல் வேண்டும்; குறித்த நாட்கள் கழிந்த பின்னரே பதிவாளரின் சான்றிதழ் கிடைக்கும். பதிவாளர் முன் இரு சாட்சிகள் அறிய மணமக்கள் இருவரும் ஒருவரையொருவர் ஏற்பர், இருவரும் ஒப்பமிடுவர். ஆனால் அச்சட்டம் இஸ்லாத்தைத் தழுவியோர் இருவர் தம்முள் செய்யும் திருமணத்தைத் தன் வரையறையிலிருந்து விலக்கியே எழுதப்பட்டது. முஸ்லிம் ஒருவர் பிற சமயத்தாரை மணப்பதாயின் அவ்வழி திறந்திருந்தது. கல்முனைக்குடி இளைஞன் சாய்ந்தமருதுப் பெண்ணை மணப்பதாயின் அவ்வழி அடைபட்டிருந்தது.

இக்கரையோர மக்கள் ஷாபிஈ நெறியினர். அந்நெறிப்படி வலியின்றி நிக்காஹ் இல்லை. வலியும் மணமகனும் நேர்முகமாக அமர்ந்து கைபற்றி, இரு சாட்சிகள் கேட்க, ஒருவர் ‘மணமுடித்துத் தந்தேன்’ என்றும் மற்றவர் ‘ஏற்றுக்கொண்டேன்’ என்றும் மொழிவதே ஒப்பந்தம். மஹரின் அளவு அப்போதே கூறப்படும். மணமகள் பெரும்பாலும் அவ்வவையில் இருப்பதில்லை. பெண்டிரின் குரவையொலி எழும் உள்வீட்டிலேயே இருப்பாள். அவளது சம்மதம் வலியின் வாயால் வெளிப்படுவதாகக் கொள்ளப்பட்டது. இதனையொட்டியே 1951ஆம் ஆண்டுச் சட்டம் மணமகனும் வலியும் அளிக்கும் பிரகடனங்களைக் கேட்டதேயன்றி மணமகளின் ஒப்பத்தைக் கட்டாயமாக்கவில்லை. வலி நியாயமின்றி மறுப்பின் காதியை நாடலாம் என்னும் வழி மட்டும் வைக்கப்பட்டிருந்தது.

இச்சட்டத்தில் ‘கைக்கூலி’ என்னும் தமிழ்ச் சொல்லே ஆங்கில எழுத்தில் இடம்பெற்றுள்ளது. மணமகளின் உறவினரோ பிறரோ மணமகளின் பயன்பாட்டுக்கென மணமகனிடம் கொடுக்கும், அல்லது கொடுப்பதாக வாக்களிக்கும், பணமும் அசையும் பொருளும் கைக்கூலி என்று அது வரையறுத்தது. பேச்சுவழக்கில் மணமகனுக்குரிய விலை போன்று கருதப்படும் பொருள், சட்டத்தின் பார்வையில் மணமகளின் பொருளாகும். ஆயினும் இவ்வரையறை அசையும் பொருளோடு நின்றுவிடுகின்றது. இவ்வூர்களின் முதற்பெருஞ் சீதனமாகிய வீடு அதனுள் அடங்காது. அதற்கு நொத்தாரிசு எழுதும் உறுதியே கதி.

இங்குத்தான் இக்கட்டுரையின் மைய வினா எழுகின்றது. ஒரு பெண்ணின் திருமணத்தையொட்டி இரண்டு ஆவணங்கள் எழுதப்படுகின்றன. காணி உறுதியில் அவள் உரிமையாளர். திருமணப் பதிவேட்டிலோ அவள் பிறர் இருவர் கூறும் பிரகடனத்தின் பொருள். வீட்டுக்கு உரிமை கொள்ளத் தகுதியுடையவள், தன் திருமணத்துக்குத் தானே கையொப்பமிடுமாறு கேட்கப்படாதது முரண்பாடன்றோ?

ஏடு அழிந்தபோது

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் திகதி எழுந்த ஆழிப்பேரலை மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது ஆகிய ஊர்களின் கரையோரத்தைச் சிதைத்தது. வீட்டோடு உறுதியும் காவின் பிரதியும் நீரில் போயின. கிழக்கில் கரையிலிருந்து 200 மீற்றர் வரை வீடு கட்டலாகாது என அரசு அப்போது விதித்தமையால் பலர் உள்நோக்கிப் பெயர வேண்டியதாயிற்று. புதிய வீடுகளை வழங்குகையில் ‘குடும்பத் தலைவர்’ என்னும் நிருவாகக் கருத்து முன்னின்றது. தலைவர் என்றால் கணவர் என்பது அலுவலகத்தின் எண்ணம். தாய் தந்த வீட்டை இழந்த பெண், அதற்கீடாகக் கிடைத்த வீட்டில் கணவனின் சார்புடையவளாகப் பதியப்படும் நிலை நேர்ந்ததைப் பெண்கள் அமைப்புகளும் ஆய்வாளரும் சுட்டிக்காட்டினர். நூற்றாண்டுகளாக வழக்காறு காத்த உரிமையை ஒரு படிவத்தின் ஒரு கூடு மாற்றிவிடக்கூடும் என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை. ஏட்டில் யார் பெயர், எந்த இடத்தில் என்பது வெறும் எழுத்துவேலை அன்று.

அயலார் கண்ட வழிகள்

மணமக்கள் தம் திருமணத்தைத் தாமே வடிவமைத்துக்கொள்ள விரும்புவதும், சட்டம் அதற்குப் பின்னால் நடந்து வருவதும் பிறவிடங்களிலும் நிகழ்ந்தனவே. தமிழகத்தில் பெரியாரின் இயக்கத்தால் பரவிய சுயமரியாதைத் திருமணங்களில் புரோகிதரும் தீவலமும் இல்லை. அத்தகைய திருமணம் செல்லாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் 1953ஆம் ஆண்டில் தீர்ப்பளித்தது. அண்ணாவின் அரசு 1967ஆம் ஆண்டில் இயற்றி, 1968ஆம் ஆண்டு சனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தச் சட்டமே அவற்றுக்கு ஏற்பளித்தது. உற்றார் நண்பர் முன்னிலையில், இருவரும் அறிந்த மொழியில், ஒருவரையொருவர் துணையாக ஏற்பதாக மணமக்கள் கூறி, மாலையோ மோதிரமோ மாற்றினும் தாலி கட்டினும் போதும் என்றது அது. சட்டம் கேட்டது மணமக்கள் இருவரின் குரலையே.

முஸ்லிம் நாடுகளிலும் ஒப்பந்தத்தின் இயல்பே மாற்றத்துக்கு இடந்தந்தது. நிக்காஹ் ஒப்பந்தமாதலின் அதனுள் நிபந்தனை எழுத இடமுண்டு என்பது மரபுவழி அறிஞர் பலர் ஏற்ற கருத்தாகும். 1917ஆம் ஆண்டின் உதுமானியக் குடும்பச் சட்டம், கணவன் இரண்டாவது மணம் செய்தலாகாது எனப் பெண் நிபந்தனையிட இடமளித்தது. பாகிஸ்தானின் 1961ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டத்தின் வழிவந்த நிக்காஹ்நாமாவில், விவாகரத்து உரிமை மனைவிக்கு ஒப்படைக்கப்பட்டுள்ளதா என வினவும் கூடு ஒன்று உண்டு. சமயத்துக்கு வெளியே செல்லாது, ஏட்டின் கூடுகளை மாற்றியே பெண்ணின் நிலையை உயர்த்த முயன்றமை இங்கு நமக்குப் பாடமாகும்.

முடிவுரை

1995ஆம் ஆண்டில் இலங்கையின் பொதுச் சட்டத்தில் திருமண வயது 18 ஆக உயர்த்தப்பட்டபோது முஸ்லிம் சட்டம் அதனின்று விலகியே நின்றது. அச்சட்டத்தைத் திருத்துவது பற்றி ஆராய 2009ஆம் ஆண்டில் நீதியரசர் சலீம் மர்சூப் தலைமையில் குழு அமைக்கப்பட்டது. ஒன்பதாண்டுகளின் பின், 2018ஆம் ஆண்டு சனவரியில் அது கையளித்த அறிக்கை இருவேறு நிலைப்பாடுகளாகப் பிரிந்திருந்தது. ஒருசாரார் திருத்தத்தைச் சமயத்தின்மீதான தலையீடாக அஞ்சினர். மறுசாரார் திருத்தமின்மையைப் பெண்கள்மீதான அநீதியாகக் கண்டனர். சிறுபான்மைச் சமூகம் ஒன்று தன் தனியாள் சட்டத்தைத் தன் அடையாளத்தின் அரணாகக் கருதுவது இயல்பே. அவ்வச்சத்தை எள்ளுதல் முறையன்று.

ஆயினும் இக்கரையோரத்தின் வரலாறு ஒன்றை உணர்த்துகின்றது. 1770, 1806, 1886, 1929, 1951 என ஏடு மாறிக்கொண்டே வந்துள்ளது. எந்த மாற்றத்தினாலும் நிக்காஹ் அழியவில்லை. வலியின் வார்த்தையோடு மணமகளின் ஒப்பமும் சேர்வதால் ஒப்பந்தம் வலிமை பெறுமேயன்றி நலிவுறாது. காவின் என்னும் சொல் பெண்ணின் உரிமையைக் குறித்தே பிறந்தது. அவ்வேட்டில் அவளது கையெழுத்துக்கு ஓரிடம் கேட்பது புதுமையை வேண்டுவதாகாது. அச்சொல்லின் பொருளை நிறைவு செய்வதே ஆகும்.