கெண்டியும் கெட்டிலும்

போடிநாயக்கனூரில் ஏலம் ஏலம் போகிறது. முன்னது ஏலமலையில் காய்ப்பது. பின்னதோ போர்த்துகீசியரின் 'லெய்லாவ்', லகரம் மொழிமுதலாகாது என்னும் நம் மரபுக்குப் பணிந்து தலையெழுத்தை உதிர்த்துவிட்டு வந்தது. இப்படிச் சொற்கள் தோள் உரசி நிற்கும் ஊரில், தண்ணீரைக் கொதிக்கவைத்து, இலையையும் தன் வயிற்றிலேயே ஊறவைத்து, வேறு கலம் தேடாமல் மேசைக்கே வந்து வார்க்கும் ஒரு புதுமாதிரிக் கெட்டிலுக்குப் பெயர் தேடலாம், வாருங்கள். பூவேலை இல்லை, வளைவு நெளிவு இல்லை. ஒரு வயிறு, ஒரு மூக்கு, ஒரு பிடி.

போடிமெட்டின் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி அப்பால் இறங்கினால் மலையாளத்தார் வீட்டுத் திண்ணையில் கால் கழுவ வைத்திருக்கும் வெண்கலக் கலம் கிண்டி. அதுவே நம் கெண்டி. வடமொழிக் 'குண்டிகா' தமிழில் குண்டிகையாகி முனிவர் கைக்கு வந்தது. காக்கை கவிழ்க்கக் காவிரி பெருகியதாகச் சொல்கிறார்களே, அகத்தியரின் அந்தக் கமண்டலமும் குண்டிகைதான். குண்டிகை ஈறு குறைந்தால் என்ன ஆகும் என்பதைத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை; பின்நின்ற இகரத்தின் சாயல் முன்னும் படர்ந்து கிண்டி என்றும் கெண்டி என்றும் ஒலித்தது மானத்தைக் காத்தது. கடல் கடந்த சொல் மலாயில் 'கெண்டி'யாகவே வாழ்கிறது. சீனக் குயவர்கள் தென்கிழக்காசியச் சந்தைக்கென்றே நீலப்பூப் பீங்கானில் கெண்டி வனைந்து அனுப்பினார்கள். குண்டிகாவுக்குத் தாயான 'குண்டம்' வடமொழியில் இருந்தாலும், அதன் வேரைத் திராவிடத்தில் கண்ட அறிஞர்கள் உண்டு. குண்டு என்றால் ஆழம். 'குண்டும் குழியுமான சாலை' என்று அலுத்துக்கொள்ளும்போது நாம் ஆள்வது அந்தப் பழம்பொருளைத்தான்.

கெட்டிலின் வழி வேறு. இலத்தீனில் 'கட்டீனுஸ்' என்றால் உண்கலம். அதன் சிறுமை வடிவம் 'கட்டில்லுஸ்'. நாம் படுக்கும் கட்டிலுக்கும் அதற்கும் உறவில்லை, ஆசைப்பட வேண்டாம். அது செருமானிய மொழிகளுக்குள் புகுந்து, செருமனில் கெஸ்ஸல், டச்சில் கேட்டல், ஆங்கிலத்தில் கெட்டில் என்றானது. குண்டிகாவும் குண்டத்தின் சிறுமை வடிவமே! இரண்டும் 'சிறுகலம்' என்று மட்டுமே சொல்லப் பிறந்தவை. மூக்கைப் பற்றி இரண்டுக்கும் ஒன்றும் தெரியாது. ஒலி ஒப்புமையைக் கண்டு இவற்றை உடன்பிறப்பு என்பவர்களை நம்பாதீர்கள்.

உள்ளே ஊறும் பொருளுக்கும் இங்கே இரண்டு பெயர். மூணாற்றுத் தேயிலை ஒருகாலத்தில் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் தொங்கிக் கொட்டகுடியில் இறங்கிப் போடிக்கு வந்தது. போடிமெட்டுக்கு மேற்கே அது சாயா, கிழக்கே தேநீர். பிளவு சீனத்திலேயே தொடங்கியது: காந்தோன் வழக்கில் 'சா', ஃபூசியன் கரை வழக்கில் 'தே'.

ஈழத்து அடுக்களையில் தண்ணீர் கொதிப்பது கேத்தலில்; டச்சுக்காரர் விட்டுப்போன 'கேட்டல்' அது. சிங்களமோ 'கேதலய', 'கெண்டிய' இரண்டையும் வைத்துக்கொண்டு, கொதிக்கவைப்பதற்கு ஒன்று, வார்ப்பதற்கு ஒன்று எனப் பிரித்திருக்கிறது. இரண்டு வேலையும் ஒரே கலத்துக்கு வந்த பின் எனக்குக் கெண்டியே போதும். மின்சாரத்தில் இயங்கினால் மின்கெண்டி. கடைக்காரர் கெட்டில் என்றே விலைச்சீட்டு ஒட்டுவார், ஒட்டட்டும்.