மூன்று இதழ் வளையம்

1998 டிசம்பர் 6. எண்டெவர் விண்ணோடத்தின் இயந்திரக் கையை நான்சி கர்ரி இயக்கிக்கொண்டிருக்கிறார். கையின் பிடியில் சார்யா என்ற பத்தொன்பது டன் உருளை. மாஸ்கோவின் க்ரூனிச்சேவ் ஆலையில் செய்யப்பட்டு, பதினாறு நாள் முன்பு பைக்கனூரிலிருந்து ஏறியது. விண்ணோடத்தின் சரக்குத் தளத்தில் நிமிர்ந்து நிற்கும் யூனிட்டி என்ற பகுதியோ அமெரிக்காவின் ஹன்ட்ஸ்வில்லில் போயிங் செய்தது. பெண் பார்க்கும் சடங்குகூட நடக்காத கல்யாணம் இது. இரண்டையும் ஒரே கொட்டகையில் வைத்துப் பொருத்திப் பார்த்ததே கிடையாது. முதல் தொடுகையே அந்தரத்தில், முந்நூறு சொச்சம் கிலோமீட்டர் உயரத்தில்.

வளையமும் வளையமும் தொட்டன, பற்றின. ஆனால் கொக்கிகள் பூட்டும் அளவுக்குச் சமமாக உட்காரவில்லை. இயந்திரக் கை இன்னும் இறுகப் பிடித்திருந்ததால் ஒரு சிறு விறைப்பு. கர்ரி பிடியை விட்டார். வளையங்கள் தாமாக நேராகிக்கொண்டன. கொக்கிகள் பூட்டின. சர்வதேச விண்வெளி நிலையம் என்று நாம் சொல்வது அந்தப் பூட்டில்தான் தொடங்குகிறது.

அந்தப் பூட்டுக்கு அப்போதே ஏறக்குறைய இருபத்தேழு வயது. அதைப் பெற்றெடுத்த இரண்டு நாடுகளில் ஒன்று அதற்குள் உலகப் படத்திலேயே இல்லை.

ரஷ்யப் பெயர்ச் சுருக்கம் அபாஸ். ‘இருபாலான, விளிம்பில் அமைந்த இணைப்புக் கருவி’ என்று விரிக்கலாம். இருபால் என்ற சொல்லைப் புரிந்துகொள்ள நம்மூர் ஹார்டுவேர் கடைக்குப் போனால் போதும். பிளாஸ்டிக் குழாயில் டேப் மாட்ட எம்.டி.ஏ. கேட்பதா, எஃப்.டி.ஏ. கேட்பதா என்று பிளம்பர் நம்மைத் திரும்பத் திரும்ப அனுப்புவார். ஒன்று வெளிப்புறம் மரை உள்ள ஆண், மற்றது உட்புறம் மரை உள்ள பெண். இரண்டு ஆணை வாங்கி வந்தால் வேலை நின்றுவிடும்.

1970-இல் விண்வெளியில் இருந்த நிலைமையும் இதுதான். அப்போலோவின் மூக்கில் ஒரு கம்பு. எதிரே நிலாக்கலத்தில் ஒரு புனல். சோயூஸின் மூக்கிலும் கம்பு. எதிரே அதனோடு சேரும் கலத்தில் புனல். கம்பு புனலுக்குள் வழுக்கி அடியில் போய்ப் பற்றிக்கொள்ளும். எளிய ஏற்பாடு, குறை சொல்வதற்கில்லை. ஆனால் அப்போலோவும் சோயூஸும் எதிரெதிரே வந்தால் கம்பும் கம்பும் முட்டிக்கொள்ளும். ஒன்று நடுவானில் முடங்கினால் மற்றது பக்கத்தில் நின்று வேடிக்கைதான் பார்க்கலாம். அந்த ஆண்டு ஏப்ரலில் அப்போலோ 13 தப்பிப் பிழைத்தது. அக்டோபரில் ராபர்ட் கில்ருத் தலைமையில் நாசாவின் சிறு குழு மாஸ்கோ போனது. ஒருவர் கப்பலோடு மற்றவர் கப்பல் இணைய வழி உண்டா என்பதே பேச்சு.

குழுவில் வந்திருந்த வடிவமைப்பாளர் கால்டுவெல் ஜான்சன். எதிர்ப்பக்கம் சோயூஸின் இணைப்புக் கருவியைச் செய்த விளாதிமிர் சிரோம்யாத்னிகோவ். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. கம்பையும் புனலையும் தூக்கிப் போட்டுவிட்டு, இரண்டு கப்பலிலும் ஒரே மாதிரி வளையத்தை வைப்பது என்பதில் இருவரும் சீக்கிரமே ஒன்றுபட்டார்கள். ஆணும் பெண்ணும் ஓருடம்பில் இருக்கும் அர்த்தநாரி ஏற்பாடு. இதில் அரசியல் சௌகரியமும் உண்டு. பனிப்போர்க் காலம், எந்தக் கப்பல் நுழைவது, எது நுழைய இடம் கொடுப்பது என்ற கேள்விக்கே வேலையில்லாமல் போயிற்று.

வளையத்தின் விளிம்பில் இதழ் போன்ற தகடுகள் சாய்வாக நீட்டியிருக்கும். ஒரு கப்பல் தன் வளையத்தை முன்னே தள்ளும்; மற்றது உள்ளிழுத்து வைத்திருக்கும். இரு கை விரல்களைக் கோர்ப்பதுபோல் இதழ்கள் எதிர் இதழ்களின் இடைவெளிக்குள் சரிந்து இறங்கும். கொஞ்சம் கோணலாக வந்தாலும் சாய்வே திருத்திவிடும். இதழிலுள்ள சிறு தாழ்கள் பற்றும், வளையத்துக்குப் பின்னாலுள்ள அதிர்வுத் தாங்கிகள் மோதலை விழுங்கும், வளையம் மெல்லப் பின்வாங்கி இரு கப்பலையும் நெருக்கும், எட்டுக் கொக்கிகள் இறுக்கிப் பூட்டும். எட்டும் இரு பக்கத்திலும் உண்டு. ஒரு பக்கத்தவை பூட்டினாலே போதும்.

தகராறு இதழ்களின் எண்ணிக்கையில் வந்தது. அமெரிக்கர்கள் நான்கு என்றார்கள், சோவியத்துகள் மூன்று என்றார்கள். வறட்டுப் பிடிவாதம் அல்ல. அமெரிக்கர்களின் அதிர்வுத் தாங்கி எண்ணெய் அழுத்தத்தில் இயங்குவது. அதில் ஒன்று பழுதானாலும் சமாளிக்க நான்கே நல்லது. சோவியத்துகளுடையது பற்சக்கரம், வில், மின்காந்தத் தடை இவற்றாலான மின்-இயந்திர வகை; அதற்கு மூன்றே இயல்பு. அவரவர் வயிற்றிலுள்ள பொறிக்கு ஏற்றபடி முகம் கேட்டார்கள்.

1971 கடைசியில் மாஸ்கோவில் முடிவான ஏற்பாட்டை நான் பலமுறை வியந்திருக்கிறேன். இதழ் மூன்று. கொக்கி சோவியத் வடிவம். தொடுகிற இடத்தில் எது எங்கே, எத்தனை மில்லிமீட்டர், எவ்வளவு விலகல் வரை பொறுக்கலாம் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் வந்தது. முகத்துக்குப் பின்னால் நடப்பது அவரவர் பாடு. அமெரிக்கர்கள் எண்ணெய்த் தாங்கியையே வைத்துக்கொண்டார்கள், சோவியத்துகள் பற்சக்கரத்தையே. பொறியாளர்கள் இன்டர்ஃபேஸ் என்பதை நம் பாடநூல்கள் ‘இடைமுகம்’ என்கின்றன. இந்த இடத்துக்கு அச்சாகப் பொருந்துகிறது அந்தச் சொல்.

1972 மே 24-இல் கூட்டுப் பயணத்துக்கான ஒப்பந்தத்தில் அமெரிக்க அதிபர் நிக்சனும் சோவியத் பிரதமர் கோசிகினும் கையெழுத்திட்டார்கள். அதன்பின் காகிதம் பெருகியது. ஒவ்வோர் ஆவணமும் இரு மொழியில். இரு தரப்பும் கையெழுத்திட்டால்தான் செல்லும். அமெரிக்கத் தரப்பில் க்ளின் லன்னி, சோவியத் தரப்பில் கான்ஸ்டான்டின் புஷுயேவ். அந்த ஆண்டு டிசம்பரில் அசலில் ஐந்தில் இரண்டு பங்கு அளவுள்ள மாதிரி வளையங்களை மாஸ்கோவில் கோர்த்துப் பார்த்தார்கள். உள்ளே வெவ்வேறு பொறி, வெவ்வேறு நாட்டு ஆலை. முகங்கள் பொருந்தின.

உலோகம் பொருந்தினால் வேலை முடிந்ததா? காற்று பொருந்தவில்லை. அப்போலோவில் தூய ஆக்சிஜன், கடல்மட்ட அழுத்தத்தில் மூன்றில் ஒரு பங்கு. சோயூஸில் நம் வீட்டுக் காற்றே, முழு அழுத்தம், 760 மில்லிமீட்டர். சோயூஸிலிருந்து நேரே அப்போலோவுக்குள் போனால், கோலி சோடா திறந்ததுபோல் இரத்தத்தில் கரைந்திருக்கும் நைட்ரஜன் குமிழியாகக் கிளம்பிவிடும். அதனால் ராக்வெல் நிறுவனம் நடுவில் வைக்க ஒரு அறை செய்தது. மூன்று மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டருக்குச் சற்றுக் குறைந்த அகலம், இரண்டு டன். ஒரு முனையில் அப்போலோவுக்கான பழைய புனல், மறு முனையில் புது வளையம். உள்ளே காற்றை மாற்றி மாற்றி, ஆளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கி அனுப்பும் இடைகழி. சோவியத்துகளும் தங்கள் அழுத்தத்தை 520 மில்லிமீட்டருக்கு இறக்கச் சம்மதித்தார்கள். காத்திருக்கும் நேரம் குறைந்தது. ஆக்சிஜனில் சாதாரணத் துணி குபீரென்று எரியும் என்பதால் சோவியத் வீரர்களுக்குத் தீப்பிடிக்காத புதுத் துணி நெய்து உடை தைத்தார்கள். வளையத்தில் ஆரம்பித்த சமாசாரம் சட்டைத் துணி வரை போயிற்று.

1975 ஜூலை 17. ஸ்டாஃபோர்டின் அப்போலோ லியோனோவின் சோயூஸைத் தொட்டது, பற்றியது, பூட்டியது. சுமார் மூன்று மணி நேரம் கழித்துக் கதவு திறந்து கை குலுக்கினார்கள். அமெரிக்கர்கள் ரஷ்ய மொழியிலும் சோவியத்துகள் ஆங்கிலத்திலும் பேசுவது ஏற்பாடு. தன் வாயில் தவறு வந்தாலும் காதில் தவறு வராது. ஒக்லஹோமாக்காரரான ஸ்டாஃபோர்டின் ரஷ்ய உச்சரிப்புக்கு ‘ஒக்லஹோம்ஸ்கி’ என்று தனி மொழிப் பட்டமே கொடுத்தார் லியோனோவ். ஜூலை 19-இல் பிரிந்து மறுபடி இணைந்தபோது சோயூஸின் வளையம் முன்னே நீண்டது. பற்றிய பிறகு அப்போலோவிலிருந்த ஸ்லேடன் கைதவறி ஒரு உந்தியை இயக்கிவிட, இரு கப்பலும் சேர்ந்து ஆடின. பற்சக்கரமும் வில்லும் அந்த ஆட்டத்தையும் தாங்கின.

அந்தப் பயணத்தில் இணைப்பில் வந்த தலைவலி எங்கே தெரியுமா? அமெரிக்கா-சோவியத் வளையத்தில் அல்ல. அமெரிக்கக் கப்பலுக்கும் அமெரிக்க இடைகழிக்கும் நடுவிலிருந்த பழைய கம்பில். அதிலொரு மின் இணைப்பான் பிசகாக மாட்டப்பட்டிருந்ததால் கம்பைக் கழற்றவே முடியாமல், வழி அடைத்துக்கொண்டு நின்றது, மறுநாள்தான் சரிசெய்தார்கள். அந்நியனோடு சேரும் இடத்தில் நம்பிக்கை இல்லை, அதனால் எல்லாம் எழுத்தில் இருந்தது, பத்து முறை சோதிக்கப்பட்டது. சொந்த வீட்டுக்குள்தான் ‘அவங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்’ என்று விட்டுவிடுகிறோம். என் படுக்கையறையில் தச்சர் கதவை மாட்டிய பக்கத்திலேயே எலக்ட்ரீஷியன் ஸ்விட்ச் போர்டை வைத்தார். இன்றைக்கும் கதவைச் சாத்திய பிறகுதான் விளக்குப் போட முடியும். இருவரும் நல்ல வேலைக்காரர்கள். இருவரையும் ஒரே நாளில் வரச் சொல்லாதது நான்.

கைகுலுக்கலோடு அமெரிக்கர்கள் தங்கள் வளையத்தை மறந்தார்கள். சிரோம்யாத்னிகோவ் மறக்கவில்லை. புரான் என்ற சோவியத் விண்ணோடம் மிர் நிலையத்தில் வந்து நிற்க வேண்டும். அதற்காக வளையத்தைத் திருத்தினார். வெளிப்புறம் சாய்ந்திருந்த இதழ்களை உட்புறம் திருப்பினார். 2,030 மில்லிமீட்டர் இருந்த வெளிவிட்டம் 1,550 ஆனது. எட்டுக் கொக்கி பன்னிரண்டானது. நடுவே ஆள் நுழைய 800 மில்லிமீட்டர் வழி. பெயர் அபாஸ்-89. பழைய அபாஸோடு இது சேராது; பெயர்தான் ஒன்று. 1990-இல் கிறிஸ்டல் என்ற பகுதி இந்த வளையத்தோடு மிர்ரில் போய் ஒட்டிக்கொண்டு புரானுக்காகக் காத்திருந்தது. 1988-இல் ஆளில்லாமல் ஒரே ஒரு முறை பறந்திருந்த புரான் மறுபடி பறக்கவே இல்லை. சோவியத் ஒன்றியமும் உடைந்தது. 1993 ஜனவரியில் ஒரே ஒரு சோயூஸ் மட்டும் அந்த வாசலைத் தட்டியது.

பிறகு வந்தது அட்லாண்டிஸ், அமெரிக்க விண்ணோடம். மாப்பிள்ளை மாறிவிட்டார், பந்தல் அதேதான். நாசா புதிதாக எதையும் கண்டுபிடிக்க முனையாமல் மாஸ்கோவிடமே வளையம் வாங்கித் தன் விண்ணோடத்தில் பொருத்தியது. 1995 ஜூன் 29-இல் நூறு டன் அட்லாண்டிஸ் நொடிக்கு மூன்று சென்டிமீட்டர் வேகத்தில் நகர்ந்து கிறிஸ்டலைத் தொட்டது. வளையம் பொருந்தியது, சுற்றியிருப்பது இடித்தது. மிர்ரின் சூரியத் தகடுகள் விண்ணோடத்துக்கு இடைஞ்சல். அதற்காகக் கிறிஸ்டலையே முன்கூட்டி வேறு முனைக்கு நகர்த்த வேண்டியிருந்தது. ஒவ்வொரு வருகைக்கும் வீட்டை நகர்த்த முடியுமா? நவம்பரில் மறுபடி வந்த அட்லாண்டிஸ் இரு முனையிலும் அபாஸ் உள்ள ஒரு நீட்டிப்பு அறையைக் கொண்டுவந்து மாட்டியது.

சிரோம்யாத்னிகோவ் 2006-இல் காலமானார். 2011 ஜூலையில் கடைசி விண்ணோடம் கிளம்பியதும் சர்வதேச விண்வெளி நிலையத்தின் இரண்டு அபாஸ் வாசல்கள் காலியாயின. இதற்குள், 2010-இலேயே, நிலையத்தின் பங்காளி நாடுகள் கூடி எவர் வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்று ஒரு பொது அளவை வெளியிட்டிருந்தன. மூன்று உள்நோக்கிய இதழ், பன்னிரண்டு ஜோடிக் கொக்கி: தாயின் ஜாடை தெரிகிறது. ஆனாலும் புதுக் கப்பல்கள் நேரடியாக அபாஸில் சேராது. நடுவில் அடாப்டர் வேண்டும். போயிங் செய்த அந்த அடாப்டரின் உடற்பகுதி ரஷ்யாவின் எனர்ஜியாவிலிருந்தே வந்தது. முதலாவது 2015 ஜூனில் ராக்கெட்டோடு வெடித்துச் சிதறியது. அடுத்தவை 2016-லும் 2019-லும் போய்ச் சேர்ந்தன.

2025 ஜனவரி 16-இல் இஸ்ரோவின் ஸ்பேடெக்ஸ் கலங்கள் இணைந்தன. ஒவ்வொன்றும் 220 கிலோ. 450 மில்லிமீட்டர் வளையம், இரண்டே மோட்டார், இரு கலத்திலும் அச்சு அசல் ஒரே முகம். கருத்து அந்தப் பொது அளவினுடையது, அளவு நம்முடையது. முதலில் நெருங்கியபோது மூன்று மீட்டர் வரை வந்துவிட்டுப் பின்வாங்கின. நான்கு நாள் கழித்துத்தான் சேர்ந்தன.

அதே ஆண்டு ஜூன் 26-இல் இந்திய வீரர் சுபான்ஷு சுக்லா இருந்த டிராகன் கப்பல் நிலையத்தில் வந்து நின்றது. கதவு திறந்ததும் அவர் முதலில் நீந்திக் கடந்தது அடாப்டரை. அதன் அடியில், 2000-இல் மேலே போன இணைப்பு அறை. அடாப்டரை மாட்டிய நாளில் பூட்டிய அதன் அபாஸ் கொக்கிகள் பூட்டியபடியே இருக்கின்றன. தோள் உரசாமல் போக வேண்டிய 800 மில்லிமீட்டர் வழி.